அதிகாரிகளுக்கு வராத சைஸ்

அவனை எல்லாரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும் இருந்தது. கடற்படையில் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் கப்பலின் வயிற்றுக்குள், எஞ்சின் ரூமில்தான். கடல் எப்படி இருக்கும் என்று யாராவது ஆசையாகக் கேட்டால் "ஈரமா இருக்கும்" என்பான். அதற்குமேல் அவனுக்கே தெரியாது. ஆனால் ஓடுகிற எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், எந்த பேரிங் சூடாகிறது, எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். சொல்லிவிடுவான் என்பதுகூடத் தப்பு. வாயைத் திறக்க மாட்டான். எழுந்து போய் முறுக்கிவிட்டு வந்து உட்காருவான்.

எஞ்சின் ரூமில் பேசி யாருக்கும் பழக்கமில்லை. நாலு எஞ்சின் ஒன்றாக ஓடும்போது காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விளங்காது. அதனால் எல்லாம் கைப்பேச்சுதான். விரல் மேலே போனால் வேகத்தைக் கூட்டு. உள்ளங்கை கவிழ்ந்தால் குறை. கழுத்தை அறுப்பதுபோல் காட்டினால் நிறுத்து. டார்ச் அடித்தால் அங்கே பார். வீட்டுக்கு வந்தாலும் அதே பாஷைதான். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டுவான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி, பாவம் விரலில் ஏதோ வலி போல என்று தைலம் எடுத்து வந்து தேய்த்துவிட்டாள். அன்றைக்கு உப்பில்லாமலே சாப்பிட்டான்.

கீழிருந்து சேர்ந்த மாலுமி ஏறக்கூடிய கடைசிப் படி சீஃப். ஸ்பானர் அதில் நின்று ஆறு வருஷம் ஆயிற்று. அதற்கு மேலே போக வேண்டுமென்றால் அதிகாரி ஆக வேண்டும். அதிகாரிகள் பெரும்பாலும் பயிற்சிக் கல்லூரியிலிருந்து தோளில் ஒரு வரியோடு நேராக வந்து இறங்குகிறவர்கள். கீழே கிடந்து தொழில் பழுத்தவர்களில் வருஷத்துக்கு ஐந்தாறு பேரை மட்டும் பொறுக்கி எடுத்து அதிகாரி ஆக்குவதும் உண்டு. அதற்கென்று ஒரு தேர்வுக் குழு. மூன்று தடவை போகலாம், வயது முப்பத்தொன்பது முடிவதற்குள். ஸ்பானர் இரண்டு தடவை போய்த் தோற்றுவிட்டு வந்திருந்தான். மூன்றாவதற்கு நாற்பது நாள் இருந்தது. வயதும் அந்த வருஷத்தோடு சரி.

இத்தனை வீம்பு எதற்கென்றால், அதற்கு மீசையின் விரல்கள் காரணம்.

மீசை என்பது கூடவே சேர்ந்த இன்னொரு சீஃபின் பட்டப்பெயர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பகல் வேளையில், பம்பை ஓட்டுகிற ஷாஃப்ட் லேசாக ஆடுவதை ஸ்பானர் பார்த்தான். எஞ்சினுக்கு அந்தப் பக்கம் மீசை குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். கத்தினால் கேட்காது, சுற்றிக்கொண்டு போனால் நேரமாகும். ஓடுகிற எஞ்சினை அதிகாரி சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்பது அந்தக் கப்பலில் சட்டம். ஸ்பானர் பணியில் இருந்த அதிகாரியிடம் ஓடிக் கழுத்தை அறுக்கிற சைகையைக் காட்டினான். அந்த அதிகாரிக்கு இருபத்து மூன்று வயது. கெட்டவன் இல்லை, பயந்தவன். "மேலே கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்தான். பதில் வர நாற்பது நொடி ஆயிற்று. அதற்குள் ஷாஃப்டின் இணைப்பு உடைந்து மீசையின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

விசாரணை நடந்தது. யார் மேலும் தப்பில்லை என்று முடித்தார்கள். தப்பும் இல்லை, விரலும் இல்லை.

நிறுத்து என்று சொன்னால் நிற்க வேண்டும், அப்படிச் சொல்கிற வாய் தனக்கு வேண்டும் என்று ஸ்பானர் அன்றைக்கு முடிவு செய்தான். யாரிடமும் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். மனைவிதான் படித்துப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

மூன்றாவது தடவைக்கும் பெயர் கொடுத்துவிட்டான் என்று தெரிந்ததும் மீசை வீட்டுக்கே வந்துவிட்டான்.

"விடுடா. இந்த வயசுல தோள்ல ஒத்தை வரியோட நின்னேன்னு வை, மகன் சட்டையை மாத்திப் போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்கும்."

ஸ்பானர் கையை விசிறினான். போடா என்று அர்த்தம்.

"அங்க போனா நீ அவங்க ஆளும் இல்ல, எங்க ஆளும் இல்ல. நடுவுல தொங்கணும். என் விரல் போனதுக்கு நீ எதுக்குடா நேர்த்திக்கடன் கழிக்கிற? நான் கேட்டேனா?"

"அண்ணா, அவர் வாயைத் திறக்க மாட்டார், நான் சொல்றேன்," என்று தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள் மனைவி. "உங்க விரல் போனது போனதுதான். அடுத்தவன் விரலாவது இருக்கட்டும்னு பாக்கறார். இதுல உங்களுக்கு எங்க எரியுது?"

"எரியலம்மா தங்கச்சி. ரெண்டு தடவை மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பியிருக்காங்க. மூணாவது தடவையும் போய்க் கன்னத்தைக் காட்டணுமா?"

"சரி, எதுக்குத் திருப்பி அனுப்பினாங்க? அதையாவது சொல்லுங்க. இவர்கிட்ட கேட்டா ரெண்டு தடவையும் கையை மட்டும் விரிச்சார். நான் என்னத்தைக் கண்டேன்?"

மீசை சொன்னான். கரையில் கப்பலின் உட்பக்கம் மாதிரியே ஒரு பெரிய இரும்பு அறை கட்டி வைத்திருக்கிறார்கள். சுவரில் ஓட்டை இருக்கும். திறந்துவிட்டால் கடல் புகுவதுபோல் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். உள்ளே ஆறு மாலுமிகளும் மரக்கட்டை, ஆப்பு, மெத்தை, சுத்தியலும் இருக்கும். தேர்வுக்குப் போகிறவன் ஏணியில் நின்று அந்த ஆறு பேரை வேலை வாங்கி ஓட்டையை அடைக்க வேண்டும். சுவரில் இருக்கிற சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் கதை முடிந்தது.

முதல் தடவை ஸ்பானர் ஏணியிலிருந்து குதித்துத் தானே சுத்தியலை எடுத்து அடித்து ஏழு நிமிஷத்தில் ஓட்டையை அடைத்துவிட்டான். அதுவரை அங்கே யாரும் அவ்வளவு சீக்கிரம் அடைத்ததில்லை. பெருமையாக மேலே பார்த்தான். மேலே நின்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் பின்னால் கையைக் காட்டினார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஓட்டை இருந்திருக்கிறது. அங்கே சிவப்புக் கோடு எப்போதோ முழுகிப் போயிருந்தது. ஆறு மாலுமிகளும் இவன் சுத்தியல் அடிக்கிற அழகை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது தடவை, இறங்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியிலேயே நின்றான். "அதை எடுத்து அங்க வைங்கடா. அது இல்லடா, அது!" என்று கையை நீட்டினான். கீழே இருந்தவர்கள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். நீட்டிய கையை யார் பார்த்தது? கடைசியில் பொறுக்க முடியாமல் குதித்துவிட்டான்.

"நல்ல தொழிலாளி, அதிகாரிக்கான லட்சணம் இல்லைன்னு எழுதிட்டாங்க," என்று முடித்தான் மீசை.

"லட்சணமா? பொண்ணு பாக்க வந்தாங்களா?" என்றாள் மனைவி. அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அவங்க எழுதினது திமிரு. ஆனா நீங்க செஞ்சதும் சரியில்லையே. ரெண்டாவது ஓட்டை ரெண்டாவது ஓட்டைதானே? கப்பலா இருந்தா முழுகியிருக்குமே?"

ஸ்பானர் தலையைக் குனிந்துகொண்டான். மீசை, தண்ணீர் டம்ளருக்குள் ஏதோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சமையலறையில் சிங்க்குக்குக் கீழே குழாய் ஒழுகியது. அது இரண்டு மாதமாகவே ஒழுகுகிற குழாய்தான். ஸ்பானர் பழக்கதோஷத்தில் கருவிப் பெட்டியை எடுத்து வந்து குனிந்தான். மனைவி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு முக்காலியைக் கொண்டு வந்து வாசலைப் பார்த்த மாதிரி போட்டாள்.

"உக்காருங்க. திரும்பிப் பாக்கக் கூடாது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வைங்க. நான் கழட்டறேன், நீங்க வாயால சொல்லுங்க."

"உனக்கு வராது."

"அந்த ஆறு பேருக்கு மட்டும் அம்மா வயித்துலயே வந்துச்சா? சொல்லுங்க."

"அதைத் திருப்பு."

"எதை?"

"அதாம்மா, கீழ இருக்கே, அது."

"கீழ நானும்தான் இருக்கேன். எதைத் திருப்பணும்?"

ஸ்பானர் கையை உருவப் பார்த்தான். "கை!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. கையை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நெற்றி வியர்த்தது. பத்தொன்பது வருஷமாகக் கையால் சொன்னதை எல்லாம் நாக்கால் சொல்ல வேண்டுமென்றால் நாக்குக்கு முதலில் சொற்கள் தேவைப்பட்டன.

"ரெண்டு குழாய் சேர்ற இடத்துல ஒரு வெள்ளை வளையம் இருக்கும். அதை இடது பக்கம் திருப்பு."

"யாரோட இடது? நான் மல்லாந்து படுத்திருக்கேன்."

ஸ்பானர் கண்ணை மூடிக்கொண்டு அவள் எப்படிப் படுத்திருப்பாள் என்று யோசித்தான். அதுவரை அவன் எஞ்சினை உள்ளுக்குள் பார்த்திருக்கிறான், பேரிங்கைப் பார்த்திருக்கிறான். கழற்றுகிறவன் எங்கே நிற்கிறான், அவனுக்கு எது தெரியும், எது மறைக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஜன்னல் பக்கமாத் திருப்பு," என்றான்.

"இது பேச்சு," என்றாள் அவள். வளையம் கழன்றது. குழாயில் நின்றிருந்த அத்தனை அழுக்குத் தண்ணீரும் அவள் முகத்தில் கொட்டியது.

"அடியில பக்கெட் வைன்னு சொல்ல மாட்டீங்களா?"

"அதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியாது! தெரியாதுன்னுதானே நீங்க அங்க உக்காந்திருக்கீங்க?"

அன்று குழாயை மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஸ்பானராக இருந்தால் பத்து நிமிஷ வேலை. அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒன்று. இஸ்திரிப் பெட்டி, தையல் மிஷின், குளியலறை ஷவர், கதவுத் தாழ்ப்பாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக்கூட அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரித்துப் போட்டாள். "இதை மறுபடி சேக்கலைன்னா நாளைக்கு அரைக்கறதெல்லாம் அம்மியிலதான். அரைக்கப் போறது நீங்கதான்," என்றாள்.

அவளுக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கண்ணைப் பாலிலிருந்து எடுக்காமல், மாடியில் காயும் துணியையும் வாசலில் வந்து நிற்கும் கேஸ்காரரையும் குளித்துக்கொண்டே துண்டு கேட்கும் புருஷனையும் சமாளிக்க அவளுக்குத் தெரியும்.

"யாருன்னு சொல்லுங்க. எங்கன்னு சொல்லுங்க. என்னன்னு சொல்லுங்க. சொல்லிட்டு வாயை மூடுங்க. நாலுல ஒண்ணு குறைஞ்சாலும் வேலை கெடும். நான் பாலை விட்டு நகர்ந்தா பால் பொங்கிடும், அதனால நகர மாட்டேன். யார் கூப்பிட்டாலும் நகர மாட்டேன். உங்க அம்மா வந்து கூப்பிட்டப்பக் கூட நகரலையே, ஞாபகம் இருக்கா?"

ஸ்பானருக்கு ஞாபகம் இருந்தது. அம்மாவுக்கும் இருந்தது. இன்னும் இருக்கிறது.

தேர்வு நாள். பழைய இரும்பு அறைதான். மேலே பால்கனி மாதிரி இருந்த இடத்தில் மூன்று பேர் தாளும் பேனாவுமாக நின்றார்கள். நடுவில் நின்றவர் ஒரு கமாண்டர். லட்சணம் இல்லை என்று எழுதிய அதே ஆள். ஸ்பானரைப் பார்த்ததும், "மறுபடியுமா?" என்றார்.

"மறுபடியும்தான் சார்," என்றான் ஸ்பானர்.

கீழே ஆறு மாலுமிகளின் முதுகில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண் எழுதியிருந்தது. ஸ்பானர் ஏணியின் நடுவில் நின்றான். இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு வலது கையைப் பெல்ட்டுக்குள் செருகினான். மணி அடித்தது, தண்ணீர் பீய்ச்சியது. சில நொடியில் விளக்கையும் அணைத்துவிட்டார்கள். சைகை காட்டுகிறவனுக்கு இருட்டைவிடப் பெரிய எதிரி இல்லை. ஸ்பானருக்கு அது பழைய முக்காலி மாதிரிதான் இருந்தது.

"ரெண்டு, நாலு! முன்சுவர், முழங்கால் உயரத்துல ஓட்டை. மெத்தையை வெச்சு முதுகால அழுத்துங்க. ஒண்ணு! தடுப்புக்குப் பின்னாடி போ. சுவரைத் தடவிப் பாரு. தண்ணி எங்க வருதுன்னு எனக்குச் சொல்லு. அஞ்சு! ஏணிக்கு வலது பக்கம் தரையில சுத்தியல் கிடக்கு, எடுத்துக்கிட்டு ரெண்டாம் நம்பர்கிட்ட போ. மூணு, ஆறு! அசையாதீங்க, உங்களுக்கு அப்புறம் சொல்றேன்."

சொல்லிவிட்டு வாயை மூடினான். கீழே தண்ணீரில் கால்கள் நடக்கிற சத்தம் கேட்டது. சரியான இடத்துக்குத்தான் நடந்தன.

ஐந்தாம் நம்பருக்கு ஆப்பு அடிக்க வரவில்லை. சத்தத்திலேயே தெரிந்தது, சாய்த்து அடிக்கிறான். ஒவ்வொரு அடியும் ஸ்பானரின் பல்லில் விழுந்தது. இறங்கி நாலே அடி அடித்தால் முடிந்துவிடும். பெல்ட்டுக்குள் இருந்த கை சூடேறியது.

அப்போது மேலேயிருந்து கமாண்டர் கத்தினார். "சீஃப்! அந்த ஆளுக்கு வேலை தெரியல. நீங்க இறங்கி அடிங்க. இது என் உத்தரவு!"

பத்தொன்பது வருஷமாக உத்தரவு என்ற சொல் காதில் விழுந்தால் கால் தானாக நடக்கும். யோசிப்பதெல்லாம் அப்புறம்தான். ஸ்பானரின் வலது கால் ஒரு படி கீழே போய்விட்டது. போனது அவனுக்கே தெரியாது. குளிர்ந்த தண்ணீர் பூட்ஸுக்குள் புகுந்தபோதுதான் தெரிந்தது. அதே நேரத்தில் தடுப்புக்குப் பின்னால் இருந்து ஒன்றாம் நம்பரின் குரல் வந்தது. "சீஃப், இங்கயும் இருக்கு! இடுப்பு உயரம், பெருசு!"

ஸ்பானர் காலை மேலே இழுத்தான்.

"முடியாது சார்!"

"என்ன?"

"நான் இறங்கினா பின்னாடி ஓட்டையை யார் பாக்கறது? வேணும்னா நீங்க இறங்குங்க. இன்னொரு சுத்தியல் இருக்கு. இல்லைன்னா பேசாம இருங்க சார், எனக்குத் தண்ணிச் சத்தம் கேக்கணும்!"

மேலே பேனாக்கள் நின்றுவிட்டன.

"மூணு, ஆறு! ஏணிக்கு இடது பக்கம் இருக்கற பெரிய கட்டையைத் தூக்கிக்கிட்டு ஒண்ணு குரல் வர்ற பக்கம் போங்க. ஒண்ணு! நிறுத்தாம பேசிக்கிட்டே இரு, அவங்களுக்கு வழி தெரியணும். அஞ்சு! ஆப்பை உருவு. உன் வலது கை பக்கம் சாஞ்சிருக்கு. நேரா வெச்சு, முதல்ல மெதுவா ரெண்டு அடி. பிடிச்சதுக்கு அப்புறம் ஓங்கி அடி."

டொக், டொக். அப்புறம் ஒரு பெரிய அடி. ஸ்பானருக்குப் பல் வலி போன மாதிரி இருந்தது.

விளக்கைப் போட்டபோது தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது. இரண்டு ஓட்டையும் அடைபட்டிருந்தன. ஐந்தாம் நம்பர் சுத்தியலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஏழு நிமிஷம் இல்லை, பதினான்கு ஆயிற்று.

மதியம் நேர்காணல். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. கமாண்டர் தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"நான் போட்ட உத்தரவை மறுத்தீங்க."

"ஆமா சார்."

"பேசாம இருங்கன்னும் சொன்னீங்க."

"சார்னு சேர்த்துத்தான் சொன்னேன் சார்."

ஓரத்தில் இருந்தவர் இருமினார். கமாண்டர் இருமவில்லை.

"இத்தனை வருஷத்துல எத்தனை உத்தரவை மறுத்திருக்கீங்க?"

"இதுதான் முதல். இன்னொண்ணை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மறுத்திருக்கணும். நானே எஞ்சினை நிறுத்தியிருந்தா ஒருத்தனுக்கு ரெண்டு விரல் இருந்திருக்கும். உத்தரவு வரட்டும்னு நின்னுட்டேன். அந்தத் தப்பு எந்த விசாரணையிலயும் எழுதல. எனக்குத் தெரியும்."

ஸ்பானர் இவ்வளவு பேசியது அவனுக்கே புதிதாக இருந்தது. ஆரம்பித்துவிட்டதால் முடித்துவிடலாம் என்று தோன்றியது.

"தண்ணி உள்ள வரும்போது அந்த அறைக்கு நான்தான் பொறுப்புன்னு சொல்லித்தானே சார் ஏணியில ஏத்தினீங்க? வெளிய வந்தப்புறம் சொல்லுங்க, தலைகீழாக்கூட நிக்கறேன். உள்ள நகர மாட்டேன். சொன்னபடி ஆடறதுக்குத்தான் ஆள் வேணும்னா, எனக்கு இப்ப இருக்கற வேலையே போதும் சார். அதுல நான் ரொம்ப கெட்டிக்காரன்."

கமாண்டர் அடுத்த தாளை எடுத்தார். "மனைவி என்ன படிச்சிருக்காங்க?"

"பத்தாவது."

"அதிகாரிங்க குடும்பத்தோட பழகணும். விருந்து, கூட்டம்னு இருக்கும். பழகிடுவாங்களா?"

"அவ எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பழகுவா. அவங்க அவகிட்ட பழகிடுவாங்களான்னுதான் சார் எனக்குக் கவலை."

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினான். ஒரு பூட்ஸில் இன்னும் ஈரம் இருந்தது. மனைவி எதிரில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். ஸ்பானர் பழக்கத்தில் கழுத்தை அறுக்கிற சைகையைக் காட்டினான்.

"வாயால!"

"முடிஞ்சு போச்சு. கமாண்டருக்கே முடியாதுன்னு சொல்லிட்டேன். பேசாம இருங்கன்னும் சொல்லிட்டேன்."

"புரியற மாதிரி சொன்னீங்களா?"

"நல்லாப் புரியற மாதிரி."

"அப்ப விடுங்க. எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டி அவங்களுக்குத்தான் நஷ்டம். கை கழுவிட்டு வாங்க."

பதினெட்டு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. கப்பலில் சீஃப்கள் சாப்பிடும் அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஐந்து எண்கள். நாலாவது ஸ்பானரின் எண். மீசைதான் முதலில் பார்த்தான். மூன்று விரலால் அதைத் தொட்டுத் தொட்டுப் படித்தான். கமாண்டர் அந்த உத்தரவை நிஜமாகப் போட்டாரா, இல்லை ஆழம் பார்க்கப் போட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்பானர் கேட்கவும் இல்லை. எதற்காகப் போட்டிருந்தாலும் பதில் ஒன்றுதானே?

ஆணை கைக்கு வந்த அன்று ஸ்பானர் வழக்கம்போல் அந்த அறைக்குள் காலை வைக்கப் போனான். மீசை வாசலில் கையைக் குறுக்கே நீட்டினான். அதிகாரி ஆகிவிட்டால் சீஃப்கள் அறைக்குள் அழைப்பில்லாமல் நுழையக் கூடாது. அது அங்கே காலகாலமாக இருக்கிற வழக்கம். ஆறு வருஷமாகச் சாப்பிட்ட மேசை உள்ளே தெரிந்தது. அவன் உட்காருகிற இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

"சல்யூட் அடிக்கணுமாடா?" என்றான் மீசை.

"அடிக்கணும்டா."

மீசை மூன்று விரலால் அடித்தான். விறைப்பாக, ஒழுங்காக. "அடிச்சாச்சு. இப்ப கூப்பிடறேன். உள்ள வாங்க சார், தட்டு வெச்சிருக்கு. இன்னைக்கு ஒரு நாள்தான். நாளைக்கு வந்தா கதவைத் தட்டிட்டு நிக்கணும்."

"தட்டிட்டு நிப்பேன்டா. எஞ்சினை நிறுத்தறதுக்கு மட்டும்தான் இனிமே யாரையும் கேக்க மாட்டேன்."

பதவி ஏற்கிற அணிவகுப்புக்கு வெள்ளைக் கையுறை வேண்டும். சீருடை கொடுக்கும் ஸ்டோருக்குப் போனான். அங்கே இருந்ததிலேயே பெரிய ஜோடியை எடுத்துக் கொடுத்தார் ஸ்டோர்காரர். விரல் வரை போனது, கட்டைவிரல் மேட்டில் நின்றுவிட்டது. இழுத்தால் தையல் விட்டது. வருஷக்கணக்காகக் கருவி பிடித்துப் பிடித்து அந்த இடம் காய்த்துத் தடித்துக் கிடந்தது.

"இதுக்கு மேல சைஸ் இல்லையா?"

"அதிகாரிங்களுக்கு இதுக்கு மேல வர்றதில்ல சார்," என்றார் ஸ்டோர்காரர், அவன் கையையே பார்த்துக்கொண்டு.

வீட்டில் அதைக் காட்டியபோது மனைவி சத்தம் போட்டுச் சிரித்தாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. "அவங்க துணிக்கு ஏத்த மாதிரி உங்க கையைச் செதுக்கிக்கிட்டுப் போகணுமா?" என்று கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தாள். பழைய தலையணை உறையிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, கட்டைவிரல் பக்கம் ஒட்டுப் போட்டுத் தைத்தாள். உறை பலமுறை துவைத்த உறை. ஒட்டு கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது.

"தெரியுதே," என்றான் ஸ்பானர்.

"தெரியட்டும். நீங்க எங்கேருந்து வந்தீங்கன்னு ஊருக்கே தெரியும். கையுறைக்கு மட்டும் என்ன ரகசியம்?"

அணிவகுப்பில் ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள். ஸ்பானர்தான் எல்லாரையும்விட வயசானவன். பின்னால் பந்தலில் அதிகாரிகளின் மனைவிமார் வரிசையில் அவன் மனைவி முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஓர் அதிகாரியின் மனைவி எழுந்து போகச் சொல்வதுபோல் பார்த்ததும், "இங்க ஆள் இருக்கா? நான் இருக்கேன்," என்று முடித்துவிட்டாள்.

வரிசையைப் பார்வையிட்டுக்கொண்டு அந்தக் கமாண்டரே வந்தார். ஒவ்வொருவருடைய தொப்பி, பொத்தான், காலணி என்று கண் இறங்கியது. ஸ்பானர் முன்னால் வந்ததும் கையில் நின்றது.

"என்ன இது?"

"ஒட்டுப் போட்டது சார்."

"பெரிய சைஸ் கேட்டு வாங்கியிருக்கலாமே?"

"கேட்டேன் சார். அதிகாரிங்களுக்கு இந்த சைஸ்ல வர்றதில்லைன்னு சொன்னாங்க."

கமாண்டர் அவன் முகத்தைப் பார்த்தார். ஸ்பானர் கண்ணை எடுக்கவில்லை. ஏணியில் நின்ற மாதிரி நின்றான்.

"இனிமே வரவழைக்கச் சொல்லுங்க சார்," என்றான். "எனக்குப் பின்னாடி ஆள் வருது."